கழுதுருட்டி பதிமூணு கண் பாலம்: ரயில் திரும்ப வந்தது, சுற்றியிருக்கும் ஊர்களுக்கு என்ன வந்தது?

சாரல்

கொல்லம் ரோட்டில் ஒரு தடவையாவது போன தென்காசிப் பக்கத்து ஆட்களுக்கு இந்தப் பாலத்தைச் சொல்லித் தரவேண்டியதில்லை. புளியரை செக்போஸ்ட், எஸ் வளைவு, ஆரியங்காவு எல்லாம் தாண்டி தென்மலையை நோக்கி இறங்கும்போது, கழுதுருட்டிக்குப் பக்கத்தில் ரோட்டை ஒட்டியே பதிமூணு கருங்கல் வளைவுகள் வரிசையாக எழுந்து நிற்கும், அந்த வளைவுகளைத்தான் கண் என்கிறோம். ரோடு, ஆறு, தண்டவாளம் மூன்றுக்கும் அந்த மலை இடுக்கில் ஒரே வழிதான். நீளம் நூறு மீட்டருக்குச் சற்று மேல். உயரம் 100 அடி என்று சொல்வார்கள். 1904-ல் ரயில் ஓடத் தொடங்கிய செங்கோட்டை–கொல்லம் மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் இடைவெளித் தண்டவாளம்) பாதைக்காகக் கட்டியது.

இப்போது சுற்றுலா வேன்கள் நிற்கின்றன. இறங்குகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், ஏறிப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. இந்தப் பாலம் தனியாக நிற்கிற ஒரு சின்னம் இல்லை. செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை, புனலூர் என்று இரண்டு மொழிக்கார ஊர்களை ஒரு சரட்டில் கோத்த பாதையின் நடுப்புள்ளி அது. 1958-ல் கோட்டயம்–கொல்லம் பாதை திறக்கும் வரைக்கும் திருவனந்தபுரத்திலிருந்து ரயிலில் வெளியூர் போக வேண்டுமென்றால் இந்த மலையேறி செங்கோட்டை வழியாகத்தான் போக வேண்டும். தெற்குத் திருவிதாங்கூரின் ஒரே ரயில் வாசல் அரை நூற்றாண்டுக்கு மேல் நம்ம செங்கோட்டைதான்!

2010 செப்டம்பரில் மலைப்பகுதியில் மீட்டர் கேஜ் ரயிலை நிறுத்தினார்கள். அகலப்பாதை முழுசாகத் திறக்க 2018 ஆனது. ரயில் வந்தது பாலத்துக்கு நல்லதா, ஊர்களுக்கு நல்லதா? இரண்டையும் பேசுவோம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாலத்துக்கு நல்லது. ஊர்களுக்கு இன்னும் முழுசாக நல்லது நடக்கவில்லை, அதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

மீட்டர்கேஜ்

சாரல், பாதியைத்தான் ஒத்துக்கொள்வேன். அகலப்பாதை போட்டதே தப்பு என்பது என் கட்சி. நீலகிரி மலை ரயிலை அப்படியே விட்டு வைத்தார்கள், இன்று உலகமே வந்து பார்க்கிறது. நம்ம பாதையிலும் மலைப்பகுதி ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான், செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை. அந்தத் துண்டை மட்டும் மீட்டர் கேஜாக விட்டிருக்கலாம். பழைய சின்ன ஸ்டேஷன் கட்டடங்கள், குறுகின குகைகள், அந்த அளவுக்கு ஏற்ற பாலங்கள், எல்லாமே ஒன்றுக்கொன்று பொருத்தமாக இருந்தன. குகையைக் குடைந்து அகலமாக்கி, பாலத்துக்கு கான்கிரீட் கொடுத்து, இப்போது அங்கே ஓடுவது எந்த ஊரிலும் ஓடுகிற அதே ரயில்.

செப்டம்பர் 2010-ல் கடைசி ரயிலுக்கு வந்த கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குப் புரியும். இன்ஜினுக்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்து, வீட்டுப் பெண்ணைக் கட்டிக் கொடுத்து அனுப்புகிற மாதிரிதான் அனுப்பினார்கள்.

இடைகால்காரன்

மீட்டர்கேஜ் அண்ணாச்சி, நீங்க சொல்வது கேட்க நல்லா இருக்கு. ஆனால் நான் வெங்காயமும் தக்காளியும் பார்க்கிற ஆள். பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக லாரி கிளம்பி, விடிகிறதற்குள் புனலூர், கொட்டாரக்கரை, கொல்லம் போகணும். வைக்கோல் பாரம், காய்கறி, பூ, இப்போது ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றின டாரஸ் லாரி. எல்லாம் அந்த ஒரே ரோட்டில். எஸ் வளைவில் ஒரு வண்டி அச்சு முறிந்து நின்றால் இந்தப் பக்கம் செங்கோட்டை வரைக்கும் வரிசை நிற்கும்.

மெட்ராஸ் போகிற கொல்லத்துக்காரனும், குருவாயூர் போகிற மதுரைக்காரனும் நடுவில் ரெண்டு தடவை வண்டி மாறி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய முடியுமா? நீலகிரி ரயில் மலை உச்சியோடு முடிகிறது. நம்முடையது ரெண்டு மாநிலத்தை இணைக்கிற பாதை. நடுவில் மட்டும் கேஜ் மாறினால் சரக்கும் ஏறாது, ஆளும் ஏறமாட்டான். அப்புறம் நஷ்டம் என்று சொல்லி மூடிவிடுவார்கள்.

கல்லும் சுண்ணாம்பும்

சிவில் இன்ஜினியர் என்ற முறையில் பாலத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கல்கட்டடம் என் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஏன் பதிமூணு கண்? இரும்புத் தூலம் போட்டு நாலைந்து தூணில் முடித்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அந்த மலையில் கருங்கல் காலடியிலேயே கிடக்கிறது. இரும்பைத்தான் கப்பலில் கொண்டுவந்து, கரையிலிருந்து மலைக்கு ஏற்ற வேண்டும். கல்லால் கட்டுவதென்றால் வளைவுதான் வழி. வளைவில் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை அழுத்திக்கொண்டே இருக்கும். மேலே பாரம் ஏற ஏற அந்தப் பிடி இறுகும். கல்லுக்கு அழுத்தம் பிடிக்கும், இழுவைதான் ஆகாது.

சரி, வளைவு பாரத்தைக் கீழே மட்டும் இறக்காது, பக்கவாட்டிலும் தள்ளும். பெரிய வளைவென்றால் பெரிய தள்ளு. ஒரே அளவில் சின்னச் சின்ன வளைவுகளாகப் போட்டால், ஒரு தூணின் இடது பக்க வளைவு தள்ளுகிற தள்ளை வலது பக்க வளைவு திருப்பித் தள்ளிவிடும். நடுத் தூண்கள் ஒல்லியாக, உயரமாக நிற்க முடிவது அதனால்தான். கடைசியில் மிஞ்சுகிற தள்ளை இரண்டு முனையிலும் மலையே வாங்கிக்கொள்கிறது. கட்டுகிறவனுக்கும் வசதி உண்டு. ஒரு கண்ணுக்குப் போட்ட மரச்சாரத்தைக் கழற்றி அடுத்த கண்ணுக்கு மாட்டலாம்.

கலவையைப் பற்றி ஊரில் சுண்ணாம்பும் கருப்பட்டியும் என்று சொல்வார்கள். கருப்பட்டி விகிதம் எதுவானாலும், சுண்ணாம்பு என்பது முக்கியம். சுண்ணாம்புக் கலவை சிமெண்ட் மாதிரி விறைத்து நிற்காது. மழையிலும் வெயிலிலும் கல் லேசாக அசையும்போது தானும் கொஞ்சம் இசைந்து கொடுக்கும். மயிரிழை விரிசல் விட்டால், ஈரம் பட்டுச் சுண்ணாம்பு கரைந்து மறுபடி உறைந்து தானாகவே அடைபடுவதும் உண்டு. அந்த மலையில் இரண்டு பருவமழையும் அடிக்கிறது, இத்தனை வருஷம் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி கான்கிரீட் விஷயம். மீட்டர் கேஜ் டீசல் இன்ஜின் ஒய்டிஎம்-4 என்பது சுமார் 72 டன். அகலப்பாதை டீசல் இன்ஜின் 110 டன்னுக்குக் குறையாது. அது போக இந்த ஏற்றத்தில் பின்னாலும் ஒரு இன்ஜின் மாட்டித் தள்ள வேண்டும். தண்டவாள இடைவெளியும் 1000 மில்லிமீட்டரிலிருந்து 1676 ஆகிறது. பழைய பாலத்தை அப்படியே நம்பி இவ்வளவு பாரத்தை ஏற்ற எந்த இன்ஜினியரும் கையெழுத்துப் போடமாட்டார். இடித்துவிட்டுப் பக்கத்தில் கான்கிரீட் தூண் நிறுத்துவதுதான் சுலபமான வழி. அதைச் செய்யாமல், இருக்கிற பாலத்தையே வலுப்படுத்தி, வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் கல் முகம் தெரிகிற மாதிரி விட்டிருக்கிறார்கள். என் பார்வையில் அது பெரிய காரியம்.

பாலத்துக்கு இனி ஆபத்து பாரத்தால் வராது. தண்ணீரால்தான் வரும். ஜல்லிக்கு அடியில் சேருகிற மழைத்தண்ணீர் வெளியேறத் துளைகள் அடைபடாமல் இருக்க வேண்டும். கல் இடுக்கில் பறவை எச்சத்தில் விழுந்து முளைக்கிற ஆலங்கன்றை விரல் தடிமனில் இருக்கும்போதே பிடுங்க வேண்டும். கை தடிமன் ஆகிவிட்டால் பிடுங்கினாலும் கல்லோடுதான் வரும். ரயில் ஓடுகிற பாலம் என்றால் இதையெல்லாம் பார்க்க ஆள் வருவார்கள், பதிவேட்டில் எழுதுவார்கள். ஓடாத பாலத்துக்கு யார் வருவார்? மீட்டர்கேஜ் ஐயா இதையும் யோசிக்க வேண்டும்.

மீட்டர்கேஜ்

நல்ல விளக்கம், நன்றி. ரயில் ஓடினால்தான் பராமரிப்பு நடக்கும் என்பதை மறுக்கவில்லை. மீட்டர் கேஜிலேயே ஓட்டியிருந்தாலும் பராமரிப்பு நடந்திருக்கும் என்பதுதான் என் வாதம். ஆனால் இடைகால்காரன் சொன்ன சரக்கு விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

ஓய்வுபெற்ற கார்டு

இந்தப் பாதையில் வேலை பார்த்தவன். மலையேற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை.

பின்னால் மாட்டுகிற இன்ஜினை நாங்கள் பேங்கர் என்போம். முன் இன்ஜின்காரரும் பேங்கர்காரரும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. மலை வளைவில் முன் பெட்டி ஒரு திருப்பத்தில் இருக்கும், கடைசிப் பெட்டி வேறு திருப்பத்தில் இருக்கும். விசில்தான் பேச்சு. முன்னாலிருந்து விசில் வந்தால் பின்னாலிருந்து பதில் விசில், அதற்கப்புறம்தான் இரண்டு பேரும் சேர்ந்து இன்ஜின் விசையைத் திறப்பார்கள். ஒருவர் முந்தினாலோ பிந்தினாலோ நடுவில் இருக்கிற கொக்கி தாங்காது. மழை நாளில் தண்டவாளத்தில் இலை ஒட்டிக்கொண்டு சக்கரம் வழுக்கும், மணல் போட்டுப் போட்டு ஏறுவோம்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் உயிர் கையில் இருக்கும். இறக்கம் தொடங்குவதற்கு முன் வண்டியை நிறுத்தி பிரேக் சோதிக்காமல் ஒரு அடி நகர்த்தமாட்டோம். இப்போதும் மலைப்பகுதியில் வேகக் கட்டுப்பாடு உண்டு, மணிக்கு 30 கிலோமீட்டர்தான். பயணிகள் சலித்துக்கொள்வார்கள். அந்த வேகத்தில் போவதால்தான் ஜன்னலில் எல்லாம் பார்க்க முடிகிறது, பாதுகாப்பும் அதில்தான் இருக்கிறது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 2010-க்கும் 2018-க்கும் நடுவில் ரயில் இல்லாத காலத்தில் பாலத்து மேல் நடந்து பழகினவர்கள் இன்னும் அப்படியே ஏறுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். தண்டவாளத்தில் அத்துமீறி நுழைவது ரயில்வே சட்டம் 147-வது பிரிவின்படி குற்றம், ஆறு மாதம் வரை சிறை உண்டு. சட்டத்தை விடுங்கள். அந்த இடத்தில் இரு பக்கமும் வளைவு. மின்சார இன்ஜின் இறக்கத்தில் சத்தமே இல்லாமல் வரும். டிரைவர் உங்களைப் பார்க்கும்போது நிறுத்த நேரம் இருக்காது. பார்ப்பதென்றால் கீழே ரோட்டில் நின்று பாருங்கள். பாலத்தின் முழு அழகும் கீழிருந்து பார்த்தால்தான் தெரியும், மேலே ஏறினால் வெறும் ஜல்லிதான்.

புனலூர்வாசி

எங்கள் பக்கத்துப் பாலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் மலையாளம், படித்தது செங்கோட்டையில், அதனால் தமிழும் வரும்.

கழுதுருட்டி ஆறு தென்மலைப் பக்கத்தில் குளத்துப்புழா ஆறு, செந்துருணி ஆறு இரண்டோடும் சேர்ந்து கல்லடையாறு ஆகிறது. அந்தக் கல்லடையாறு புனலூரைத் தொட்டுக்கொண்டு போய் அஷ்டமுடிக் காயலில் விழுகிறது. புனலூரில் அதே ஆற்றின் மேல் தொங்குபாலம் இருக்கிறது. ஆல்பர்ட் ஹென்றி என்ற இன்ஜினியர் வடிவமைத்து 1877-ல் கட்டி முடித்தது. ஏறத்தாழ 400 அடி நீளம். இரண்டு பெரிய சங்கிலிகள்தான் மொத்தப் பாலத்தையும் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. சங்கிலியின் முனைகளைக் கரையில் கிணறு மாதிரி இறக்கி, அதற்குள் பூட்டியிருக்கிறார்கள். நடைபாதைக்கு கம்பக மரப் பலகை. பாலத்தின் பலத்தைக் காட்ட மேலே யானைகளை நிறுத்தி, கீழே இன்ஜினியர் குடும்பத்தோடு படகில் போனார் என்று எங்கள் பாட்டிமார் சொல்வார்கள்.

ரயிலுக்கு இருபத்தைந்து வருஷம் முன்பே கட்டியது அது. கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் இடையே மாட்டுவண்டியில் சரக்கு போய்க்கொண்டிருந்த காலம். ஒரே வழியில் மாட்டுவண்டிக்கு ஒரு பாலம், ரயிலுக்கு ஒரு பாலம், இரண்டும் இன்னும் நிற்கின்றன. பதிமூணு கண் பாலம் பார்க்க வருகிறவர்கள் இன்னும் இருபது இருபத்தைந்து கிலோமீட்டர் சேர்த்து வந்தால் இதையும் பார்த்துவிடலாம். தொங்குபாலத்தில் இப்போது வண்டி விடுவதில்லை, நிதானமாக நடக்கலாம். சாயங்காலம் வாருங்கள்.

பாண்டியன் முடிப்பு

மதுரையிலிருந்து. ஆரியங்காவு பேரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நாங்கள் சௌராஷ்டிரக் குடும்பம். ஆரியங்காவு ஐயப்பனுக்கு எங்கள் சமூகத்துப் பெண் புஷ்கலையைக் கட்டிக் கொடுத்திருக்கிறோம் என்பது வழிவழியாக வருகிற நம்பிக்கை. அதனால் அந்தக் கோயிலுக்கு நாங்கள் பெண் வீட்டார், சம்பந்தி முறை. ஒவ்வொரு மார்கழியிலும் மதுரையிலிருந்து சீர்வரிசை எடுத்துக்கொண்டு போவோம். பாண்டியன் முடிப்பு என்ற நிச்சயதார்த்தம் நடக்கும், அடுத்து திருக்கல்யாணம். பெண் வீட்டார் என்று கோயில்காரர்கள் எங்களை வரவேற்று உபசரிக்கிற விதத்தைப் பார்க்க வேண்டும். வேறு மாநிலம், வேறு மொழி என்ற எண்ணமே வராது. எங்கள் அம்மா தாம்பூலத் தட்டில் மஞ்சள், குங்குமம், பூ எல்லாம் வைத்துப் பட்டுப்புடவை மடிப்பைத் தடவித் தடவிச் சரிசெய்துகொண்டே வருவார், சொந்த மகள் கல்யாணத்துக்குப் போகிற அதே படபடப்பு.

பாட்டி காலத்தில் ரயிலில் போய் இறங்குவார்களாம். இப்போது பஸ், வேன். மதுரையிலிருந்து ஆரியங்காவுக்குப் பகல் ரயில் வசதியாக அமைந்து, மார்கழியில் நாலு பெட்டி கூடுதலாகக் கொடுத்தால் எங்கள் ஆட்கள் மொத்தமாக ரயிலுக்கே மாறிவிடுவார்கள். சபரிமலை பக்தர்களுக்கும் அதுவே வழி. குளத்துப்புழா, ஆரியங்காவு, அச்சன்கோவில் மூன்றும் ஐயப்பன் கோயில்கள், மூன்றும் இந்தப் பாதையின் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கின்றன.

ரப்பர்காடு

இந்த இழையில் எங்களைப் பற்றி யாராவது சொல்வார்களா என்று காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை, நானே எழுதுகிறேன்.

1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாக வேலை பார்த்த எங்கள் ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க மத்திய அரசும் கேரள அரசும் சேர்ந்து 1976-ல் புனலூரைத் தலைமையிடமாக வைத்து மறுவாழ்வுத் தோட்டக் கழகம் தொடங்கின. குளத்துப்புழாவிலும் ஆயிரநல்லூரிலும் ரப்பர் தோட்டங்கள். என் அப்பா அம்மா அங்கேதான் வந்து சேர்ந்தார்கள். தேயிலை கிள்ளிய கை ரப்பர் கத்தி பிடிக்கக் கற்றுக்கொண்டது. விடிகிறதற்கு முன்னால் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாகப் போவார்கள். கத்தி ஒரு நூல் ஆழமாகப் போனால் மரம் காயப்பட்டுவிடும், மேலாக வெட்டினால் பால் வராது. மறுநாள் கப்பில் உறைந்து கிடக்கிற ஒட்டுப்பாலை உரித்துச் சாக்கில் சேர்ப்பது பிள்ளைகள் நாங்கள். அந்த வாடை குளித்தாலும் கையை விட்டுப் போகாது.

எங்களுக்கு மலைக்கு இந்தப் பக்கமும் சொந்தம், அந்தப் பக்கமும் சொந்தம். அத்தை திருச்சிப் பக்கம், மாமா கோயம்புத்தூர்ப் பக்கம். அப்போது கொல்லத்திலிருந்து நாகூருக்கும் கோயம்புத்தூருக்கும் பாசஞ்சர் ரயில் ஓடியது. சோற்றுப் பொட்டலத்தோடு ஏறினால் மலையேறி, சமவெளியெல்லாம் கடந்து சொந்தக்காரர் ஊரிலேயே கொண்டுபோய் இறக்கிவிடும். டிக்கெட்டும் கூலிக்காரர் கொடுக்க முடிகிற விலை. பதிமூணு கண் பாலம் வந்தால் பெட்டியில் இருக்கிற பிள்ளைகள் எல்லாம் கண்ணை எண்ணுவோம்.

அகலப்பாதை வந்தபோது பழைய ரயிலெல்லாம் திரும்பும் என்று நம்பினோம். கொல்லத்திலிருந்து சென்னை ரயில் வந்தது, பாலருவி எக்ஸ்பிரஸ் வந்தது, எர்ணாகுளம்–வேளாங்கண்ணி வந்தது. நல்லதுதான். ஆனால் அந்த நீண்ட தூரப் பாசஞ்சர்கள் அதே வடிவில் திரும்பவில்லை. எக்ஸ்பிரஸ் ரயில் ஓடுவதால் கழுதுருட்டியில் ரப்பர் வெட்டுகிற பெண்ணுக்கு என்ன லாபம்? அவள் ஊர் ஸ்டேஷனில் ரயில் நின்றால்தானே லாபம். மீட்டர் கேஜா அகலப்பாதையா என்று நீங்கள் பேசுவதெல்லாம் சரி. எங்களுக்கு வேண்டியது நிற்கிற ரயில், கொடுக்க முடிகிற டிக்கெட்.

இடைகால்காரன்

அக்கா, நீங்க எழுதினதை வீட்டில் வாசித்துக் காட்டினேன். கோயம்புத்தூர் ரயில் எங்களுக்கும் வேணும். பழனி வழியாகப் போனால் முருக பக்தர்களும் ஏறுவார்கள், திருப்பூர், கோவை மில்லுக்கு வேலைக்குப் போகிற எங்க பக்கத்துப் பிள்ளைகளும் ஏறுவார்கள். இப்போது ஆம்னி பஸ்ஸுக்குக் கொடுக்கிற காசு கொஞ்சநஞ்சமில்லை.

மீட்டர்கேஜ்

ரப்பர்காடு, உங்களைப் படித்த பிறகு ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. மீட்டர் கேஜ் என்று நான் ஏங்குவது தண்டவாள அகலத்தை மட்டும் இல்லை. எல்லா ஸ்டேஷனிலும் நின்று, இறங்குகிறவர் இறங்கும் வரை காத்திருந்த அந்தப் பாசஞ்சர் வண்டியைத்தான். அதை அகலப்பாதையிலும் ஓட்டலாம் என்றால் நான் உங்கள் பக்கம். பாரம்பரியத்துக்கு ஒரு கோரிக்கை வைக்கிறேன்: பாதை நெடுகப் பழைய மீட்டர் கேஜ் கட்டடத்தில் எஞ்சியதை இடிக்காமல் விட வேண்டும். ஒரு பழைய ஸ்டேஷனில் பழைய விளக்கு, டோக்கன் கருவி, போட்டோ எல்லாம் வைத்து ஒரு காட்சிக்கூடம் வந்தால் பாலம் பார்க்க வருகிறவர்கள் அந்த ஊரில் ஒரு மணி நேரமாவது நிற்பார்கள், டீக்கடைக்காரருக்கும் வியாபாரம்.

கல்லும் சுண்ணாம்பும்

அதோடு இன்னொன்று. ரோட்டிலிருந்து பாலத்தைப் பார்க்கிற இடத்தில் வண்டி நிறுத்த ஒழுங்கான இடம் வேண்டும். இப்போது வளைவிலேயே வண்டியை நிறுத்திக் குடும்பத்தோடு ரோட்டைக் கடக்கிறார்கள், இடைகால்காரன் சொன்ன பாரம் ஏற்றின டாரஸ் லாரி அதே வளைவில் இறங்கி வருகிறது. கண் முன்னால் பயமாக இருக்கிறது. பாலத்தின் அடிவாரத்தில் கடை, கழிப்பறை என்று எதையும் கட்டிவிடவும் கூடாது. மலைத் தண்ணீர் வடிகிற பாதையை மறித்தால் முதலில் ஊறுவது தூணின் அஸ்திவாரம்தான். சற்றுத் தள்ளிச் செய்யலாம்.

குற்றாலம் சீசன்

நடுவில் ஒரு கேள்வி. ஜூலையில் குற்றாலம் வருகிறோம், வயதான மாமியார், இரண்டு பிள்ளைகள். ரயிலில் பார்ப்பதா, காரில் பார்ப்பதா?

சாரல்

இரண்டும் செய்யுங்கள். ஆனால் பகல் ரயிலாகப் பாருங்கள். பாலருவி எக்ஸ்பிரஸ் பெயர்தான் அழகு, மலையை ராத்திரியில் கடந்துவிடும். மதுரை–குருவாயூர் எக்ஸ்பிரஸ் பகலில் மலையேறுகிறது. நீங்கள் திரும்பும்போது, கொல்லத்திலிருந்து சென்னை போகிற ரயிலும் பகலில் வரும். நேரம் மாறிக்கொண்டே இருக்கும், கிளம்பும் முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். செங்கோட்டையில் ஏறினால் வயல், பகவதிபுரம், அதற்கு அப்புறம் சுமார் ஒரு கிலோமீட்டர் நீளக் குகை. குகைக்கு இந்தப் பக்கம் வெயிலாக இருக்கும், அந்தப் பக்கம் மழை கொட்டும். தென்மேற்குக் காற்று இந்த ஆரியங்காவு கணவாய் வழியாக நுழைந்துதான் நமக்குச் சாரல் தருகிறது, அதை ஒரே பயணத்தில் உடம்பில் உணரலாம். தென்மலையிலோ புனலூரிலோ இறங்கிவிடுங்கள். மாமியாரால் நடக்க முடியுமென்றால் புனலூர் தொங்குபாலம். இல்லையென்றால் தென்மலை அணை. பாலருவி நீர்வீழ்ச்சிக்குப் போவதாக இருந்தால் தண்ணீர் அதிகம் என்று மூடியிருக்கிறார்களா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

திரும்பும்போது ரோட்டு வழியாக வந்தால் பாலத்தைக் கீழிருந்து பார்க்கலாம். பிரானூர் பார்டரில் புரோட்டா சாப்பிடாமல் பிள்ளைகள் விடமாட்டார்கள். செங்கோட்டைக்குள் நுழையும் வளைவில் திருவிதாங்கூர் சங்கு முத்திரையைக் காட்டிச் சொல்லுங்கள், 1956 நவம்பர் 1 வரைக்கும் இந்த ஊர் அந்த ராஜ்ஜியத்துக்காரர்களோடுதான் இருந்தது என்று.

குற்றாலம் சீசன்

ரொம்ப நன்றி. ரயிலில் போய் ரோட்டில் திரும்புகிறோம்.

ஓய்வுபெற்ற கார்டு

ஜன்னலில் பிள்ளைகள் தலையை நீட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா. குகைச் சுவர் பெட்டிக்கு ரொம்பப் பக்கத்தில் வரும்.

புனலூர்வாசி

எங்கள் பக்கத்து ரயில் பயணிகளும் பாசஞ்சர் ரயில் கேட்டு மனு கொடுக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கேரளத்துக்காரர் தனியாக, தமிழ்நாட்டுக்காரர் தனியாகக் கேட்டால், கொல்லம் ஸ்டேஷன் திருவனந்தபுரம் கோட்டம், புனலூர்–செங்கோட்டைப் பாதை மதுரைக் கோட்டம் என்று ஒருவரை ஒருவர் கைகாட்டிவிடுவார்கள். இரண்டு பக்கமும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடுவோம். மலையாளத்தில் நான் எழுதித் தருகிறேன்.

சாரல்

நல்ல யோசனை. தமிழில் நான் எழுதுகிறேன். இப்போதைக்குச் சேர்ந்தவை: கோயம்புத்தூர், நாகூர் பாதைகளில் பழையபடி பாசஞ்சர். கழுதுருட்டி, இடப்பாளையம் போன்ற சின்ன ஸ்டேஷன்களில் காலையும் மாலையும் ஒரு ரயிலாவது நிற்பது. மார்கழியில் ஆரியங்காவுக்குக் கூடுதல் பெட்டி. பழைய ஸ்டேஷன் ஒன்றில் காட்சிக்கூடம். பாலத்துக்கு எதிரே, தண்ணீர் வடிகிற வழியை மறிக்காமல், வண்டி நிறுத்த இடம்.

ரப்பர்காடு அக்கா, தோட்டத்தில் வேலைக்குப் போகிறவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் எந்த நேரத்து ரயில் உதவும் என்று கேட்டு எழுதுங்கள். நேரம் குறிப்பிடாமல் மனு கொடுத்தால் நடுராத்திரி ரயிலைக் கொடுத்துவிட்டு, அதான் ரயில் நிற்கிறதே என்பார்கள்.

ரப்பர்காடு

பால் வெட்டு முடிந்து, எடுத்துக் கொடுத்துவிட்டு வெளியே வர மதியம் ஆகும். அதற்கு மேல் தென்மலைக்கோ செங்கோட்டைக்கோ போய் சாமான் வாங்கி, இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். யானை நடமாட்டம் உள்ள இடம். மதியம் ஒன்று, சாயங்காலம் ஆறுக்குள் ஒன்று. பள்ளிப் பிள்ளைகள் நேரத்தை லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) விசாரித்து ஞாயிற்றுக்கிழமை எழுதுகிறேன்.